திருமலையில் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்போருக்கு: போர்ட்டபிளா, டொக்கா, இரட்டைக் கேசிங்கா, நாஸ் பெட்டியா?

கலியாண சீசன் ஓய்ந்ததும் திருமலை, அதாவது திருகோணமலை, ஸ்டூடியோக்காரர் கேட்கிற முதல் கேள்வி, எடுத்த வீடியோ எல்லாவற்றையும் எதில் போட்டு வைப்பது என்பதுதான். 4கே வந்த பிறகு ஒரு கலியாண வீட்டுப் பதிவே சில நூறு ஜி.பி. பிடித்துவிடுகிறது, இரண்டு கமரா மூன்று கமரா என்று போனால் சொல்லவே வேண்டாம், ஆனால் அதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எடிட்டிங் மேசை ஓரத்தில் வயரோடு கிடக்கிற ஒரேயொரு போர்ட்டபிள் டிஸ்க். ஸ்டூடியோ மட்டுமில்லை. திருவிழாப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிற கோயில் சபைகள், பழைய உறுதிகளையும் கூட்டக் குறிப்புகளையும் ஸ்கேன் பண்ணி வைத்திருக்கிற சங்கங்கள், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளின் படங்களை வருடக்கணக்காகச் சேர்த்திருக்கிற அம்மம்மாமார், எல்லோருக்கும் இதே கேள்விதான்.

கடைக்குப் போனால் நான்கு வழி காட்டுவார்கள். கைக்குள் அடங்குகிற போர்ட்டபிள் டிஸ்க் ஒன்று. மேலே திறந்த பள்ளத்தில் வெறும் டிஸ்க்கைச் சொருகுகிற டொக் ஒன்று. உள்ளே இரண்டு டிஸ்க் போடக்கூடிய கேசிங் ஒன்று. நெட்வேர்க்கில் பூட்டி இரவு பகலாக ஓடவிடுகிற நாஸ் பெட்டி ஒன்று. இதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. கொழும்பில் ஏசி அறைக்குள் இருக்கிற அலுவலகத்துக்குச் சரிவருவது டச்சு விரிகுடாப் பக்கம் யன்னலைத் திறந்து வைத்திருக்கிற கடைக்குச் சரிவராது. டிஸ்க்கும் கேசிங்கும் திருத்துகிற வேலை பார்க்கிறவன் என்ற முறையில் நான் காண்பதைச் சொல்கிறேன்: இந்த ஊரில் டிஸ்க்கின் உள்ளே இருக்கிற தட்டு கெட்டு வருவதைவிட, டிஸ்க் கொம்பியூட்டரோடு சேருகிற இடமும் அதற்குக் கரண்ட் போகிற இடமும் கெட்டு வருவதுதான் அதிகம். அதனால் எத்தனை டெராபைட் என்று பார்க்க முன்னம், எதால் சொருகுகிறது, எங்கிருந்து கரண்ட் எடுக்கிறது, இது செத்தால் மற்றக் கொப்பி எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஊரின் அமைப்பு அப்படி. ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சு விரிகுடா, நடுவில் ஒடுங்கிய நிலத்தில் நகரம். உப்பு இரண்டு பக்கத்தாலும் வருகிறது. கச்சான் அடிக்கிற மாதங்களில் சூடும் புழுதியும், மாரியில் வாடையோடு சேர்ந்த ஈரமும். டிஸ்க் பூட்டிய பெட்டிதானே, உள்ளே எப்படிப் போகும் என்று கேட்பார்கள். 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கான ராமக் என்கிற இயந்திரத்தில் 24 அங்குலத் தட்டு 50 இருந்தது, எடை ஒரு தொன்னுக்குக் கிட்ட, கொண்டது 50 லட்சம் எழுத்து. அதில் எழுதி வாசிக்கிற முனையான ஹெட் தட்டுக்கு மேலே ஏறக்குறைய 20 மைக்ரோன் உயரத்தில் நின்றது. இப்போதைய டிஸ்க்கில் அந்த இடைவெளி ஒரு சில நனோமீற்றர்தான். இடைவெளி குறையக் குறையத் தூசி பெரிய எதிரியாகிவிட்டது, அதனால்தான் 1973இல் வந்த ஐ.பி.எம். 3340, அதாவது வின்செஸ்டர் என்று எல்லோரும் சொன்னது, தட்டையும் ஹெட்டையும் ஒரே உறைக்குள் வைத்து மூடியது. அன்று தொடங்கிய அந்த வழிதான் இன்றும். ஆனால் முழுக்க அடைக்கப்பட்டதல்ல. சாதாரண டிஸ்க்கில் காற்றழுத்தத்தைச் சமப்படுத்த ஒரு சின்னத் துளை, அதற்குள் ஒரு வடிகட்டி, பக்கத்தில் இந்தத் துளையை மூடாதே என்று எழுதியிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டி அதை மூடிவிடாதீர்கள். 2013இல் எச்.ஜி.எஸ்.டி. என்ற டிஸ்க் கம்பெனி கொண்டுவந்த ஹீலியம் நிரப்பிய டிஸ்க்கில்தான் இந்தத் துளையும் இல்லாமல் போனது.

உள்ளே இவ்வளவு பாதுகாப்பு. வெளியே? போன மாரி முடிவில் ஒரு கடையிலிருந்து டிஸ்க் ஒன்று வந்தது. இன்னோர் இடத்தில் காட்டியபோது டிஸ்க் செத்துவிட்டது, ஃபொர்மட் பண்ணிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால், கனெக்டரில் கரண்ட் போகிற பக்கத்துத் தகடுகளில் இரண்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு, அதைச் சுற்றி வெள்ளையாகப் பூத்த உப்பு, மேலே பஞ்சு மாதிரித் தூசி. அந்தத் தகடுகளுக்குத் தங்க முலாம் இருக்கிறது, துரு பிடிக்காதுதான். ஆனால் முலாம் மெல்லியதாக இருந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், உப்பும் ஈரமும் அதனூடாக இறங்கிக் கீழே இருக்கிற செம்புக் கலவையைத் தின்னும், அந்தக் களிம்பு மேலே ஏறி வரும். ஐசோப்ரொப்பில் அல்ககோலில் தோய்த்த துணியால் மெல்லத் துடைத்துக் காயவிட்டுச் சொருகியதும் டிஸ்க் எழுந்தது, உள்ளே ஒரு குடும்பத்தின் மூன்று கலியாணமும் அப்படியே இருந்தன. ஃபொர்மட் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது. தெரியாத டிஸ்க்கில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் கனெக்டர்.

இனி அந்தக் கனெக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. பழைய கொம்பியூட்டரில் அகலமான சாம்பல் நிற ரிப்பன் வயர் இருந்ததே, அது ஐ.டி.ஈ. நாற்பது முள். வேகம் கூட்டப்போனபோது பக்கத்துப் பக்கத்து வயர்கள் ஒன்றின் சிக்னலை ஒன்று குழப்பத் தொடங்கின, அதற்காக ஒவ்வொரு வயருக்கும் இடையில் ஒரு கிரவுண்ட் வயரைப் போட்டு எண்பது வயராக்கினார்கள், கனெக்டரில் முள் மட்டும் அதே நாற்பது. 2003 அளவில் வந்த சாட்டா வேறு வழியில் போனது: ஏழு தகடு மட்டும், அதில் மூன்று கிரவுண்ட், மிச்சம் இரண்டு சோடி. கரண்டுக்குப் பக்கத்திலேயே பதினைந்து தகடு. உற்றுப் பார்த்தால் அந்தப் பதினைந்தும் ஒரே நீளமில்லை என்று தெரியும். கிரவுண்ட் தகடுகளில் சில நீளமானவை, சொருகும்போது அவைதான் முதலில் தொடும், கழற்றும்போது அவைதான் கடைசியில் விடும். ஓடுகிற கொம்பியூட்டரில் டிஸ்க்கைச் சொருகினாலும் பொறி பறக்காமல் காப்பது இந்தச் சின்ன நீள வித்தியாசம்தான். இவ்வளவு சின்ன மாற்றத்தில் இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தந்த கண்டுபிடிப்பு இந்தத் துறையில் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் சாட்டாவுக்கு ஒரு குறை உண்டு, அது நம் முடிவையே மாற்றக்கூடியது. கொம்பியூட்டருக்குள்ளே இருக்கிற சாட்டா வயரின் கனெக்டர் 50 தடவை சொருகிக் கழற்றுவதற்கு என்று வகுக்கப்பட்டது. டிஸ்க் நேராக வந்து இறங்குகிற, மின்சுற்றுப் பலகையில் இருக்கிற கனெக்டருக்கு 500. யூ.எஸ்.பி.யில் பழைய சதுர வாய்க்கு 1,500, மைக்ரோவுக்கும் சி வகைக்கும் 10,000. அதாவது ஒரு தடவை பூட்டினால் வருடக்கணக்கில் கழற்றாத இடத்துக்குச் சாட்டா, தினம் கழற்றுகிற இடத்துக்கு யூ.எஸ்.பி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு நான்கையும் பார்ப்போம்.

போர்ட்டபிள் டிஸ்க். இதன் பெரிய நன்மை ஒரே வயர். உள்ளே இருப்பது 2.5 அங்குல டிஸ்க், அதற்கு 5 வோல்ட் போதும், யூ.எஸ்.பி.யே கொடுத்துவிடும், தனி அடப்டர் இல்லை, பிழையான அடப்டர் சொருகுகிற ஆபத்தும் இல்லை. ஆனால் யூ.எஸ்.பி. 2 வாய் 500 மில்லிஅம்பியர்தான் தரக் கடமைப்பட்டது, 3 என்றால் 900. பழைய கொம்பியூட்டரில் முன்பக்க வாயில் சொருகினால் டிக் டிக் என்று சத்தம் போட்டு நிற்பதற்கு அநேகமாக இதுதான் காரணம், பின்பக்கம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். விழுந்தால் தாங்குவதற்கும் இதில்தான் வசதி அதிகம். இந்த வகை டிஸ்க்கில் ஓய்வு நேரத்தில் ஹெட் தட்டிலிருந்து முழுவதும் விலகி ஓரத்தில் ஒரு சரிவில் ஏறி நிற்கும், அதனால் நிறுத்திய டிஸ்க் விழுந்தால் ஹெட்டும் தட்டும் மோத வழியில்லை. விழுவதையே உணர்ந்து ஹெட்டை ஒதுக்குகிற ஏற்பாடும் இருக்கிறது: 2003இல் ஐ.பி.எம். திங்க்பேட் மடிக்கணினிகளில் வந்தது, 2005இல் அப்பிளும் போட்டது. 75 சென்ரிமீற்றர் உயர மேசையிலிருந்து ஒரு பொருள் நிலத்தைத் தொட 0.39 செக்கன் ஆகும், அந்த நேரத்துக்குள் ஹெட் ஒதுங்கிவிட வேண்டும், அதுதான் கணக்கு. இது எல்லாப் போர்ட்டபிளிலும் இருக்கும் என்று நம்பாதீர்கள். ரப்பர் உறை போடுவது மலிவான வேலை, போடுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற டிஸ்க்கை அசைக்காமல் இருப்பதை எந்த உறையும் ஈடுசெய்யாது.

குறைகள் கடையில் சொல்லமாட்டார்கள். சில கம்பெனிகளின் போர்ட்டபிளில் உள்ளே சாட்டா கனெக்டரே கிடையாது, யூ.எஸ்.பி. வாய் நேராக டிஸ்க்கின் பலகையில் ஈயத்தால் ஒட்டியிருக்கும். அந்த வாய் ஆடத் தொடங்கினால் கழற்றி வேறு கேசிங்கில் போடவும் முடியாது. பத்தாயிரம் தடவை சொருகலாம் என்பது நேராகச் சொருகினால்தான். மேசையிலிருந்து வயர் தொங்கி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தால் ஈயம் வெடிக்கும், அதற்கு எந்தத் தரக்கணக்கும் பொறுப்பில்லை. இன்னொன்று, சில பெட்டிகளில் நீங்கள் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் நடுவில் இருக்கிற சிப் எல்லாவற்றையும் மறைகுறியாக்கித்தான் தட்டில் எழுதும், சிப் எரிந்தால் தட்டு நன்றாக இருந்தும் வாசிக்க இயலாது. பிறகு, பெரிய கொள்ளளவுப் போர்ட்டபிள்களில் பல, ஓட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஓடு படிவதுபோல ஒரு தடத்தின்மேல் மற்றத் தடம் பாதி ஏறி எழுதுகிற வகை. ஒருமுறை நிரப்பி வைப்பதற்கு நல்லது, அழித்து அழித்து எழுதினால் ஆமை வேகம். எடிட்டிங்கை இதில் வைத்துச் செய்யாதீர்கள், முடிந்த வேலையை மட்டும் போடுங்கள்.

தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் எழுதுகிற போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி. வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எடிட்டிங்குக்கும் தூக்கிக்கொண்டு திரிவதற்கும் அதைப்போல வேறில்லை, சுழல்கிற பாகமே இல்லை, சி வகை வாய், விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அலுமாரியில் போட்டுப் பூட்டி வைப்பதற்கு அது வேண்டாம். எஸ்.எஸ்.டி. தரவை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது, கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் கசிவு கூடும். சிப் துறைக்குத் தரம் வகுக்கிற ஜெடெக் அமைப்பின் தரத்தின்படி சாதாரணப் பாவனைக்கான எஸ்.எஸ்.டி., தன் எழுதும் ஆயுள் முடிந்த நிலையில், 30 பாகையில் ஒரு வருடம் தாங்க வேண்டும், அவ்வளவுதான். புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட எவ்வளவோ தாங்கும், ஆனாலும் கச்சான் காலத்தில் தகரக்கூரைக் கடைக்குள் 30 பாகையெல்லாம் விடியற்காலையில்தான்.

சரி, டொக். காசுக்கு அதிகக் கொள்ளளவு வேண்டுமென்றால் 3.5 அங்குல வெறும் டிஸ்க்கும் ஒரு டொக்கும்தான் மலிவு. ஒரு டொக் வைத்துக்கொண்டு டிஸ்க்கை மட்டும் வாங்கி வாங்கி நிரப்பலாம், ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு டிஸ்க் என்று பெயர் எழுதி அடுக்கலாம். எனக்கு இந்த முறையில் விருப்பம் உண்டு, ஆனால் நம் ஊரில் மேலே திறந்தபடி கிடக்கிற பள்ளம் நல்லதில்லை. உப்பு, புழுதி, தேத்தண்ணி, எல்லாவற்றையும்விடப் பல்லி. சூடான பலகையைத் தேடி வருவது பல்லியின் குணம், குறுக்கே கிடந்து சோர்ட் ஆனால் அடப்டரோடு டிஸ்க்கும் போகும். டொக் வாங்கினால் வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி, பள்ளத்தை ஒரு மூடியால் மூடி, அடப்டரைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும்போது ஓரங்களில் பிடிக்க வேண்டும், கீழே பலகை திறந்து கிடக்கிறது, உடம்பில் சேர்ந்த நிலைமின் பாய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. தினமும் கழற்றிப் பூட்டுகிற ஆளென்றால் 500 என்ற எண்ணிக்கை இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

டொக்கில் இன்னும் இரண்டு விஷயம். கொம்பியூட்டர் இல்லாமலே ஒரு டிஸ்க்கை மற்றதற்குக் கொப்பி பண்ணுகிற பொத்தான் சிலவற்றில் இருக்கும். எந்தப் பள்ளம் மூலம், எந்தப் பள்ளம் நகல் என்று பார்க்காமல் அமத்தினால் வெறும் டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், எந்தக் கேள்வியும் கேட்காது. அந்தப் பொத்தானுக்கு மேல் ரேப் ஒட்டிவிடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். மற்றது, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கைப் பழைய கொம்பியூட்டர்களுக்கும் காட்டுவதற்காகச் சில கேசிங்கும் டொக்கும் செக்டர், அதாவது தரவை எழுதுகிற துண்டின், அளவை 512 பைட்டிலிருந்து 4,096 என்று மாற்றிக் காட்டும். அதில் ஃபொர்மட் பண்ணிய டிஸ்க்கை வேறு டொக்கில் போட்டால் வெறுமையாகத் தெரியும், ஃபொர்மட் பண்ணவா என்று விண்டோஸ் கேட்கும். இல்லை என்று சொல்லிவிட்டு முதல் பெட்டியிலேயே திரும்பப் போடுங்கள், எல்லாம் இருக்கும்.

இரண்டு டிஸ்க் கேசிங்கைப் பற்றித்தான் அதிகம் தவறாக நினைக்கிறார்கள். "அண்ணா, இது ரெய்ட் போட்டது, ஒன்று போனாலும் மற்றது இருக்கும், பிறகு எதுக்கு இன்னொரு டிஸ்க்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்று கெட்டாலும் மிச்சத்திலிருந்து மீட்கிற யோசனைக்கு 1978இலேயே ஐ.பி.எம்.மின் நோர்மன் கென் ஊச்சி பேற்றன்ட் பெற்றுவிட்டார். 1988இல் பேர்க்லியில் பற்றர்சன், கிப்சன், கற்ஸ் மூவரும் எழுதிய கட்டுரைதான் அதற்கு ரெய்ட் என்ற பெயரையும் ஒன்று முதல் ஐந்து வரையான படிகளையும் கொடுத்தது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக வந்தது அது. இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தை எழுதுகிற முதலாம் படியில், நீங்கள் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். வைரஸ் புகுந்தாலும் அப்படித்தான். ஒரே அடப்டர், ஒரே பலகை, ஒரே மேசை. இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அப்புறம் அந்தக் கேசிங்கின் சிப் தனக்கே உரிய முறையில் டிஸ்க்கில் குறிப்பு எழுதி வைத்திருந்தால், கேசிங் கெட்டபின் டிஸ்க் நன்றாக இருந்தாலும் அதே மொடலைத் தேடி அலைய வேண்டும், மூன்று வருடத்தில் அந்த மொடல் சந்தையிலேயே இருக்காது.

ஆனாலும் இந்தக் கேசிங்கை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இதில் சாட்டா ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான், தினம் கழற்றுவது யூ.எஸ்.பி. வாயை மட்டும், சின்னக் காற்றாடி இருக்கும், மூடி இருக்கும், பல்லிக்கும் தேத்தண்ணிக்கும் இடமில்லை. முன்பு சொன்ன கனெக்டர் கணக்கின்படி பார்த்தால் இதுதான் சரியான அமைப்பு. பின்பக்கத்தில் இருக்கிற சின்னச் சுவிட்சுகளை ரெய்ட் இல்லாமல் இரண்டும் தனித்தனி டிஸ்க் என்ற நிலையில் வைத்து, பகலில் ஒன்றில் வேலை செய்து, இரவில் கடை பூட்ட முன்னம் மற்றதற்குக் கொப்பி ஓடவிடுங்கள். பகலில் தவறி அழித்தது இரவு வரை மற்றதில் உயிரோடு இருக்கும். டிஸ்க் போடுவதற்கு முன்னமே சுவிட்சை வைத்துவிட வேண்டும், தரவு இருக்கும்போது மாற்றினால் பல கேசிங்குகள் இரண்டையும் துடைத்துவிடும்.

நாஸ் பெட்டி இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை செய்கிற இடத்துக்கு. நான்கில் விலை இதற்குத்தான் அதிகம், ஆனால் இதற்கு மட்டும் இருக்கிற இரண்டு குணங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். பல நாஸ்களில் ரெய்டைச் செய்வது லினக்ஸ் மென்பொருள், பெட்டி செத்தால் டிஸ்க்குகளை இன்னொரு லினக்ஸ் கொம்பியூட்டரில் பூட்டி வாசிக்கலாம். மற்றது, கரண்ட் போனால் பற்றரியில் கொஞ்ச நேரம் ஓடவிடுகிற யூ.பி.எஸ்.ஸோடு ஒரு யூ.எஸ்.பி. வயரால் பேசிக்கொண்டிருக்கும், கரண்ட் போய் பற்றரி குறைந்தால் எழுதுவதை முடித்துத் தானாகவே ஒழுங்காக நிற்கும். எப்போதும் கொஞ்சம் சூடாக ஓடிக்கொண்டிருப்பதால் மாரியில் ஈரம் படியாமல் இருப்பது கூடுதல் நன்மை. சாதாரண கிகாபிட் வயரில் செக்கனுக்கு 110 மெகாபைட் அளவில்தான் வரும், நேராக யூ.எஸ்.பி.யில் பூட்டிய நல்ல டிஸ்க்கைவிட மெதுவு, எடிட்டிங்குக்குப் போதாது என்று சிலர் முறையிடுவார்கள். வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு ரவுட்டரில் வாசலைத் திறந்து விடாதீர்கள். 2021, 2022 இல் அப்படி இணையத்தில் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளை உலகம் முழுவதும் பணம் பறிக்கிற மென்பொருள் பூட்டிவிட்டது. கிளவுட் என்பார்கள், ஆல்பத்துக்குத் தெரிவு செய்த படங்களை ஏற்றலாம், டெராபைட் கணக்கில் வீடியோவை இங்கிருந்து ஏற்றுவது நடக்கிற காரியமில்லை.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம், இதில் தவறினால் மேலே சொன்ன நான்கும் ஒன்றுதான். 2022இல் 13 மணிநேரம் வரை வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டது, இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டிஸ்க்குக்குக் கரண்ட் போவதைவிடப் போய்த் திரும்பி வருகிற அந்த நொடிதான் கெடுதல், அதோடு எழுதிக்கொண்டிருக்கும்போது போவது. எக்ஸ்ஃபற் என்று ஃபொர்மட் பண்ணிய டிஸ்க்கில் எழுதுவதைப் பதிந்து வைக்கிற நாட்குறிப்பு கிடையாது, பாதியில் நின்றால் கோப்புப் பட்டியலே குழம்பலாம். விண்டோஸில் மட்டும் பாவிப்பவர் என்.டி.எஃப்.எஸ்.ஸில் வைத்தால் அந்த ஆபத்துக் குறையும். 3.5 அங்குல டிஸ்க் எதுவானாலும் 12 வோல்ட் வேண்டும், அதாவது சுவர்க் கரண்ட், ஆகவே டொக்கோ கேசிங்கோ நாஸோ வாங்குகிற காசில் யூ.பி.எஸ். ஒன்றும் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் கொம்பியூட்டருக்கு யூ.பி.எஸ். போட்டுவிட்டுக் கேசிங்கின் அடப்டரைப் பக்கத்து மல்டிபிளக்கில் சொருகியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். இரண்டும் யூ.பி.எஸ்.ஸில்தான் இருக்க வேண்டும்.

இடி தடுக்கிற பிளக் என்று விற்பது உண்மையில் வேலை செய்யும், ஆனால் சுவரில் ஏர்த் ஒழுங்காக இருந்தால்தான், அதிலும் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே இருக்கிற பாகம் கொஞ்சம் தேயும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இருட்டிக்கொண்டு வந்தால் கையால் கழற்றி வைப்பதுதான் நிச்சயமான பாதுகாப்பு. இன்னோர் ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கேசிங்கின் 12 வோல்ட் அடப்டர் முனையும் மடிக்கணினியின் 19 வோல்ட் அடப்டர் முனையும் பல நேரம் ஒரே பருமன், கை மாறிச் சொருகினால் ஏறும். டிஸ்க்கின் பலகையில் 5 வோல்ட்டுக்கு ஒன்று, 12 வோல்ட்டுக்கு ஒன்று என்று சின்ன டையோட் இரண்டு இருக்கும், அளவு மீறி வந்தால் அவை தாம் சோர்ட் ஆகி மிச்சத்தைக் காப்பாற்றும். அப்படிச் செத்த டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள், அந்த டையோட்டோடு போயிருந்தால் தெரிந்தவர் கையில் மீட்கலாம். அதே மொடல் டிஸ்க்கின் பலகையைக் கழற்றி மாற்றிப் போடுகிற வைத்தியம் மட்டும் வேண்டாம், ஒவ்வொரு டிஸ்க்கின் அளவுத்திருத்தமும் அதனதன் பலகையில் இருக்கிற சிப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வாங்கி வந்த அன்றே அடப்டரில் வெள்ளை ரேப் ஒட்டி எந்தப் பெட்டிக்குரியது என்று எழுதுங்கள்.

இப்போது மற்றக் கொப்பி. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் எத்தனை வீடுகளில் அல்பங்கள் போயின என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. செத்துப்போன பிள்ளையின் ஒரு படம்கூட இல்லாத தாய்மாரை எல்லோருக்கும் தெரியும். அதனால் இரண்டு கொப்பியும் கடலுக்குப் பக்கத்தில் இருப்பதை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். கந்தளாயில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே, அது உள்நாட்டில் 40 கிலோமீற்றர் அளவு. கன்னியாப் பக்கம் என்றாலும் பரவாயில்லை. வவுனியாவுக்கோ கண்டிக்கோ போகிறவர் கையில் கொடுத்தாலும் சரி. பஸ்ஸில் போகும்போது மடியில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், நின்ற டிஸ்க் ஓடுகிற டிஸ்க்கைவிடப் பல மடங்கு அதிர்ச்சியைத் தாங்கும். வைக்கும்போது நிலைமின் தடுக்கிற பையில் போட்டு, இறுக்கமாக மூடுகிற சாப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நிறம் மாறுகிற ஜெல் என்றால் எப்போது காயவைக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். கனெக்டரில் களிம்பு பிடிப்பதைத் தடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. வருடத்தில் ஓரிரு தடவை எடுத்து ஓடவிட்டு, சில கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

முடிவைச் சொல்கிறேன். வீட்டுக்கு என்றால் போர்ட்டபிள் இரண்டு, வெவ்வேறு கம்பெனி, ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில். பெரிய கேசிங்கெல்லாம் தேவையில்லை. தனியாக நடத்துகிற ஸ்டூடியோவுக்கு என் தெரிவு இரண்டு டிஸ்க் கேசிங், ரெய்ட் இல்லாமல், யூ.பி.எஸ்.ஸோடு, அதற்கு மேலே ஒரு மூன்றாவது டிஸ்க் கடலை விட்டுத் தள்ளி. மூன்று பேருக்கு மேல் இருந்து எடிட் பண்ணுகிற இடமும், ஆள் மாறினாலும் பதிவு நிலைத்திருக்க வேண்டிய கோயில் சபையும் சங்கமும் நாஸ் வாங்கலாம், வாங்கினாலும் அதையே ஒரே கொப்பியாக வைக்காமல் மாதத்துக்கு ஒருமுறை வெளியே ஒரு டிஸ்க்குக்கு இறக்க வேண்டும். டொக்கை நான் யாருக்கும் முதல் பெட்டியாகச் சொல்லமாட்டேன், பழைய டிஸ்க்குகளை எடுத்துப் பார்க்கிற கருவியாக அலுமாரிக்குள் ஒன்று இருக்கட்டும்.

காசு ஒரேயடியாக இல்லையென்றால் முதலில் இரண்டாவது டிஸ்க்கை வாங்குங்கள், அடுத்தது யூ.பி.எஸ்., கேசிங் கடைசியில் வரட்டும். கேசிங் வாங்கப் போகும்போது கையோடு ஒரு பழைய டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கடையிலேயே சொருகிப் பாருங்கள்: இறங்கும்போது சிக்கக்கூடாது, இறங்கிய பின் ஆடக்கூடாது, யூ.எஸ்.பி. வாயை விரலால் மெல்ல அசைத்தால் உள்ளே பலகை சேர்ந்து அசையக்கூடாது. அசைந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.